காதால் அளந்த வேகம்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிற ராத்திரிகளில்
எங்கள் தெருமுனையில் அது நிற்கும்.
நிற்கும் என்பது கண்ணுக்கு.
காதுக்கு அது நூறு மைலில்
போய்க்கொண்டேயிருக்கும்.

உடைத்த கப்பலின் விஞ்சிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின்.
டூ ஸ்ட்ரோக்.
அதை லாரிச் சட்டத்தில் உட்கார வைத்தவர் மஸ்தான் மேஸ்திரி.
ஓட்டுகிறவர் ஜெக்கரையா.
சுமை, மணலிக்குப் போகும் இரும்புச் சுருள்.

மற்ற லாரிகள்
இழுத்து, அமுக்கி, வெடித்து, துப்பி
இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வாய் திறக்கும்.
இதற்கு அந்தப் பொறுமை கிடையாது.
சுற்றுக்கொரு வெடி.
ஆயிரத்தில் ஓடும், இரண்டாயிரமாய்க் கேட்கும்.

எண்ணூர் ரோட்டில் ஒரு போலீஸ்காரர்
இருட்டில் காதாலேயே வேகம் அளந்து
ரசீது கிழித்தாராம்.
“முப்பதத் தாண்டல சார், முள்ளப் பாருங்க”
என்று இவர் சொன்னது
அந்தச் சத்தத்தில் அவருக்கு விழவில்லை.

இந்தக் கதை தெரிந்தும்
மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

அதில் கண்டவை:
பீரோக் கண்ணாடி விரிசல்,
தூங்காத கைக்குழந்தைகள் மூன்று,
தையல்கடை எட்வின் வளர்க்கும் கிளி
பேசக் கற்ற ஒரே பேச்சு இந்த எஞ்சினுடையது என்பது.

“உன் குரல்தான் ஆபீசர் வரைக்கும் எட்டும்,
நீயே எடுத்துனு போ” என்றார்கள்.
காசிமேட்டில் ஏலம் கூவுகிறவள் நான்.
மூன்று வருஷத்துக்கு முன்
இதே தெருவில் என் தொண்டைக்கு எதிராகவும்
ஒரு மனு சுற்றியது.
அதில் முதல் கையெழுத்து யாருடையது என்று
நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, விடிய இரண்டு மணி.
ஏலத்துக்குக் கிளம்பிவிட்டேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலும் கையெழுத்து வாங்க
மனுவை அட்டையில் மாட்டி இடுப்பில் செருகியிருந்தேன்.
கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.
லாரியின் சத்தம் ஏறியது.
ஏறியது.
இறங்க மறந்துவிட்டது.

சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை.
டீசலை அடைத்தார். நிற்கவில்லை.
தன் எண்ணெயையே குடிக்க ஆரம்பித்திருந்தது அது.
நீலப்புகையில் தெருவிளக்கு அமுங்கிப் போனது.
ஜெக்கரையா காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு
திறந்த வாயைக் காட்டிக் கத்தினார்.
பின்னால் நின்ற ஆட்டோக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை.

நாற்பது பேர் கூச்சலில்
உதட்டைப் பார்த்து விலை பிடிக்கிறவள் நான்.
காத்த அடை. காத்த அடை.

அட்டையை வைத்தேன்.
வைத்தேன் என்பதுகூடப் பொய்,
என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.
முதல் தாள் கிழிந்து உள்ளே போனது,
பிறகு இன்னொன்று,
பிறகு அட்டை வளைந்து வாயில் ஒட்டி
எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி

நின்றது.

“செத்துப்போச்சா?” என்றேன்,
சத்தத்துக்குப் பழகின அதே குரலில்.
தெரு முழுக்க விளக்கு எரிந்தது.

“சாவல. மூச்சு வாங்குது”
என்று ரேடியேட்டர்மேல் கை வைக்கப் போய்
சுட்டுக்கொண்டார்.

நாற்பத்து மூன்று கையெழுத்தில்
பத்தொன்பது எஞ்சினுக்குள்.
மஸ்தான் மேஸ்திரி மறுநாள் கழற்றும்போது
கரிந்த ஒரு துண்டில்
‘மாண்புமிகு’ மட்டும் மிச்சம் இருந்ததாம்.

மனுவை மறுபடி எழுதினோம்.
சத்தம் சத்தம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.
பீரோ, குழந்தைகள், எல்லாம் அப்படியே.
எட்வின் மட்டும் இந்தத் தடவை போட மாட்டேன் என்றான்,
கிளி இரண்டு நாளாக வாயே திறக்கவில்லையாம்.

கடைசியில் என் கையால் ஒரு வரி சேர்த்தேன்:
மேற்படி லாரி முப்பதைத் தாண்டுவதில்லை.

அது எதுக்கு, அடித்துவிடு என்றார்கள்.

காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.